லிக்னைட்டும் இக்னைட்டும்

நெய்வேலி நகரியத்தில் 'லிக்னைட்' என்னும் சொல்லைக் கேளாத சிறுவனும் இல்லை. ஆனால் அதன் பொருள் யாதென வினவினால், ஆங்கிலம் கற்றோரிலும் சிலர், "இக்னைட் என்றால் தீ மூட்டுதல், ஆகவே லிக்னைட் என்றால் தீப்பற்றும் பொருள்" என்று விடை பகரக்கூடும். ஓசையை நம்பிப் பொருள் கொள்வதன் விபரீதம் இது. இக்னைட் என்பது 'இக்னிஸ்' என்னும் லத்தீன் சொல்லின் வழி வந்தது; நமது அக்கினிக்கு அது உடன்பிறப்பு. லிக்னைட்டின் குலமோ வேறு. 'லிக்னம்' என்றால் லத்தீனில் மரம், விறகு.

இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரஞ்செடிகள் முற்றும் கரியாக முதிராத நிலையே லிக்னைட். வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். நீரைச் சுமந்து தொலைதூரம் கொண்டு செல்வது கட்டுப்படியாகாது. ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின்சார நிலையம் அமைத்தல் அவசியமாகிறது; சுரங்கத்துக்கும் நிலம், மின்நிலையத்துக்கும் நிலம், குடியிருப்புக்கும் நிலம். (காற்றுப்பட்டு உலர்ந்தால் அது தானே கனன்று தீப்பற்றவும் கூடும். உறவில்லாத இரு சொற்களும் நெய்வேலியில் சம்பந்தம் செய்துகொண்டன போலும்!)

தமிழில் பழுப்பு நிலக்கரி என்கிறோம். நல்ல சொல்லே. லத்தீனைப் பின்பற்றி மரக்கரி என்றால் அடுப்புக்கரியோடு மயங்கும். கையிலிருக்கும் இச்சொல்லை விடுத்து லிக்னைட் லிக்னைட் என்று ஏன் ஜபிக்கவேண்டும்?

இன்னொரு ஜோடியும் உண்டு. ஆங்கிலத்தில் 'மைன்' என்றால் சுரங்கம். 'மைன்' என்றால் என்னுடையது. எழுத்தும் ஓசையும் ஒன்றே, உறவு மட்டும் இல்லை. பின்னது ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். முன்னது பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறியது. மினரல் என்பதே அதன் மெய்யான சுற்றம். 1935-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது இக்கரி வெளிப்பட்டது. பின்னர் அவர் நிலத்தையும் உவந்தளித்தார். 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. அன்று ஒரு மைன் மற்றொரு மைனுக்கு மனமுவந்து வழிவிட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நிகழ்ந்தது வேறு. பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது என்பது கம்பெனியின் வாதம். சட்டம் அவ்வாறு இருக்கலாம். ஆயினும் உழுது விதைத்தவனுக்கு அது 'என்னுடையது' அல்லவென்று அவன் மனங்கொள்ளச் சொன்னவர் யார்?

2016-ல் கம்பெனி 'என்.எல்.சி. இந்தியா' என்று பெயர் மாறிற்று. நெய்வேலியும் நிலக்கரியும் ஆளுக்கோர் ஆங்கில எழுத்தாயின. பெயர் எவ்வாறேனும் இருக்கட்டும். நிலம் கேட்டு விவசாயிக்கு அனுப்பும் ஒவ்வொரு காகிதமும், எவ்வளவு நிலம், எதற்காக, எப்போது, என்ன விலைக்கு, வேலை உண்டா இல்லையா என்பதைத் தெளிந்த தமிழில் சொல்லவேண்டும். கையெழுத்து வாங்குமுன் கிராமத்தில் அதை உரக்க வாசிக்கவும் வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.