சோற்றுக் கோப்பையும் சுகவாழ்வும்

இந்நாட்டில் வளர்ந்தோருள் பத்தில் ஒருவர் நீரிழிவு நோய்க்கு ஆளாகியிருப்பதாக 2005-06ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று கூறிற்று. 2018-19இல் நடைபெற்ற மற்றோர் ஆய்வு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என அறிவித்தது. கணக்கெடுத்த முறைகள் வேறுபட்டிருக்கலாம். ஆயினும், வைத்தியசாலைக் கிளினிக்குகளின் வாயிலில் விடியுமுன்பே நீளும் வரிசையைக் கண்டவர் எவரும் நோய் பெருகியிருப்பதை மறுக்கத் துணியார்.

உணவை மாற்றுங்கள் என்றால் நம்மவர் தரும் விடை ஒன்றே: "பரம்பரைப் பழக்கம், இனி மாற்ற முடியுமா?" இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. எந்தப் பரம்பரை? பாணும் கோதுமை மாப் பிட்டும் நம் பூட்டனார் நாள்தோறும் உண்டவையா? 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது இந்நாட்டில் உணவுப் பங்கீடு வந்தது; அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தது, மா திரும்பிப் போகவில்லை. 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் அது மேலும் வேரூன்றிவிட்டது. இங்கு கோதுமை விளைவதில்லை, கப்பலிலேயே வருகிறது. நாம் உண்ணும் சீனியில் பெரும்பகுதியும் அவ்வாறே. அரசாங்கத்தின் தீர்மானமும் வணிகரின் இலாபமும் சேர்ந்து மாற்றிய கோப்பையைப் பரம்பரைச் சொத்தென்று நாம் காவல் செய்துகொண்டிருக்கிறோம்!

சோறு பழையதன்றோ எனின், ஆம். ஆனால் துலா மிதித்தும் மண்வெட்டி பிடித்தும் பொழுது சாயும்வரை உழைத்தவன் உண்ட அளவுச் சோற்றை, நீரிறைக்கும் இயந்திரத்தின் விசையை அழுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுபவனும் உண்கின்றான். அவன் உண்டது தவிடு போகாத குத்தரிசி. இவன் உண்பது ஆலையில் பளபளக்கத் தீட்டியது. தவிட்டோடு போவது வெறும் நிறமன்று என்பதை 1890களிலேயே யாவாத் தீவில் கோழிகளைக் கொண்டு ஐக்மன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். 1929இல் நோபல் பரிசும் பெற்றார். உரலையும் உலக்கையையும் மீண்டும் பெண்கள் தலையிற் சுமத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. அந்த உழைப்பு ஒழிந்தது நன்றே. ஆலைக்காரர் சற்றுக் குறைவாகத் தீட்டினாற் போதும்.

சீனியின் கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர், கோப்பைக்கு மூன்று கரண்டி எனின் 60 கிராமாயிற்று. உணவுடன் சேர்க்கும் சீனி 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நன்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையின் சாரம். தேநீர் மட்டுமே எல்லையைக் கடந்துவிடுகிறது. விசுக்கோத்தும் சோடாவும் இன்னும் கணக்கில் வரவில்லை. பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் குற்றமில்லை என்பாரும் உளர். பனை நமது செல்வம் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் பனங்கட்டியும் சீனியின் இனமே. குரக்கனையும் மருந்தென்று எண்ணி வயிறு முட்ட உண்ணலாகாது.

மாற்றவேண்டியது பெரிதும் அளவே. நம் கோப்பையில் சோறு மலையாகவும் கறி அதன் ஓரத்திற் சிறு குட்டையாகவும் இருக்கின்றன. இதனைப் புரட்டவேண்டும். அரைவாசி மரக்கறியும் கீரையும். காற்பங்கு மீனோ பருப்போ பயறோ. எஞ்சிய காற்பங்கே சோறு. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, அகத்தி, முசுட்டை இவையெல்லாம் வேலியோரத்திலும் வரம்போரத்திலும் கிடைக்க, மாலையில் ரோல்ஸும் வடையும் தேடிக் கடைக்கு ஓடுகின்றோம். இரவு எட்டு மணிக்குமேற் கொத்து ரொட்டித் தட்டின் ஓசை கேட்காத பட்டினம் உண்டோ?

தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகக் கொண்ட காலம் ஒன்றிருந்தது. இன்று வைத்தியர் கூறுவது வேறு. தெற்காசியருக்கு உடல் மெலிந்து தோன்றினும் வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது; பிறரினும் குறைந்த நிறையிலேயே நீரிழிவு பிடித்துக்கொள்கிறது. ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்டிர்க்கு 80. தையற்காரரின் நாடா இதற்குப் போதும்.

இவ்வளவும் கூறியபின், குற்றம் முழுவதையும் உண்பவன்மேற் சுமத்துவோமாயின் நாம் நேர்மையற்றவராவோம். மலையகத் தோட்டத்தில் விடிகாலையிற் கொழுந்தெடுக்கப் புறப்படும் தாய் கோதுமை மா ரொட்டியும் இனித்த சாயத் தேநீரும் கொள்வது அறியாமையாலா? குறைந்த காசில் வயிறு நிறைவது அதனாலேயே. 2022இல் நாடு வங்குரோத்தானபோது பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்று போதிய உணவின்றித் தவித்தன. அவர்களிடம் மீனும் பழமும் உண்ணுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை.

அரசாங்கம் என்ன செய்தது? 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் விசேட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கினர். திறைசேரி பல நூறு கோடி இழந்தது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவுமில்லை. மீண்டும் 50 ரூபாவாக்க 2023 நவம்பர் வரை காத்திருந்தோம். சீனிக்காக ஒரே இரவில் வர்த்தமானி அச்சிட முடிந்தவர்கள், பயறுக்கும் குரக்கனுக்கும் தவிட்டரிசிக்கும் எத்தனை இரவு விழித்தனர்? சீனி வரியிற் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை இத்தானியங்களின் விலைகுறைக்க ஒதுக்கட்டும். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் அவை கிடைக்கட்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிற் சிவப்புக் குறிப் பானங்கள் விற்பதற்கில்லை என்பதை நடைமுறையில் நிலைநாட்டட்டும். இவை கேட்கக்கூடாத கோரிக்கைகளா?

அரசாங்கத்தைக் குறைகூறும் எமது காரியாலயத்திலும் இக்குற்றம் உண்டு. ஆசிரியர் குழுக் கூட்டமென்றால் தேநீரும் பணிசும் வந்தாகவேண்டும். சென்ற மாதம் பணிசை நிறுத்திக் கடலை வைத்தோம். சீனிப் போத்தலை மேசையிலிருந்து அலுமாரிக்கு மாற்றினோம். கேட்பவர்க்கு மட்டும் எடுத்துத் தரப்படும். முதல் வாரம் அனைவரும் கேட்டனர். இவ்வாரம் மூவரே கேட்டனர். அம்மூவருள் இதனை எழுதுபவரும் ஒருவர்.