கயிறு கட்டினால் இடம் சொந்தமாகிவிடுமா?

ஆசிரியருக்கு,

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கூடாரமடிக்க இடம் ஒதுக்குவதற்கு, முந்தி வந்தவருக்கே இடம் என்ற முறை மட்டும் போதாது. கேட்க அது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தி வர யாரால் முடியும்? கொழும்பிலிருந்து ஒரு வாகனத்தை முன்கூட்டியே அனுப்பி, நாலு முளையடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போக வசதியுள்ளவரால் முடியும். நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பத்தில் ஒருவர் அப்படி வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். புத்தாண்டு விடுமுறைக்கு அவர்கள் வந்து சேரும்போது கிரகரி வாவிப் பக்கம் மிஞ்சுவது சேற்று நிலம்தான்.

அமெரிக்காவின் ஓஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் விமானத் திருவிழாவில் பல்லாயிரம் பேர் கூடாரமடிக்கிறார்கள். அங்கும் முந்தி வந்து இடம் பிடிப்பது உண்டு; ஆனால் பிடித்த இடத்துக்குப் பணம் கட்டிப் பதிய வேண்டும். இங்கும் ஆளில்லாத நாளுக்கும் கட்டணம் வாங்கினால் வெறும் கயிறுகள் குறையும். கட்டணம் ஏழைகளைத் தடுக்கும் என்பார்கள். ஓரிரவு தங்குவோருக்குச் சிறு தொகையும், அவர்களுக்கென ஒரு பகுதியும் வைத்தால் அந்தக் கவலை தீரும். நிர்வகிக்க முடியாது என்பதும் சரியல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களம் முன்பதிவு முறையில்தான் கூடார இடங்களைக் கொடுக்கிறது. நுவரெலியா மாநகர சபை அடுத்த சீசனுக்கு முன்பே இடங்களுக்கு இலக்கமிட்டு, விதிகளை மும்மொழியிலும் அறிவிக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்.