உரம் போட்டால் களையும் வளருமே!

பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் பருத்தி போட்ட யாரையும் கேட்டுப் பாருங்கள். களை எடுக்காமல் உரம் வைக்க மாட்டார்கள். பயிருக்கு வைத்ததைக் களையும் சேர்த்துத் தின்றுவிடும். புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இதே பிரச்சினைதான்.

வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் 5 நாள், 6 முதல் 7 வாரம். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் நெல்லைக்கோ மதுரைக்கோ அலைய வேண்டும். கதிர் புற்றை மட்டும் தேடிச் சுடாது. வாயின் உள்தோலும் சேர்ந்து வேகும். மூன்றாவது வாரத்துக்குள் வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்காது. வலி தாங்காமல் சிகிச்சையை நடுவில் விட்டால் லாபம் புற்றுக்குத்தான்!

இதற்கு ஒரு வழியாக வந்தவை வளர்ச்சிக் காரணிகள். செல்லைப் பார்த்து 'பெருகு' என்று சொல்லும் புரதங்கள். அதில் ஒன்றான பாலிஃபெர்மினுக்கு அமெரிக்கா 2004ல் அனுமதி கொடுத்தது. ஆனால் ஸ்டெம் செல் சிகிச்சை பெறும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மட்டும். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. மருந்து பெறாதவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கடுமையான புண். பெற்றவர்களில் 54 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் வலி எப்படி என்று நோயாளிகளையே கேட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை.

பயமும் காரணமில்லாமல் வந்ததல்ல. ரத்த அணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டினை கதிர்வீச்சோடு கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2003ல் வந்தது. ரத்தம் ஊறியது. ஆனால் மருந்து வாங்கியவர்களுக்குத்தான் புற்று அதிகமாகத் திரும்பியது!

இன்னொரு வேடிக்கை. ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வாய்ப்புண்ணை ஆற்றுமா என்று வெளிநாட்டில் சோதித்திருக்கிறார்கள். அதே காரணி போய் ஒட்டும் இடத்தை அடைத்துப் புற்றை மடக்கும் மருந்து இந்தியாவில் 2006லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. திறந்தால் புண் ஆறும், அடைத்தால் புற்று அடங்கும். எதைச் செய்வது?

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது தவறு. புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டில்தான் இது அவசியம் நடக்க வேண்டும். ஆனால் புண் ஆறியதும் கணக்கை முடித்து வெற்றி என்று அறிவிக்கக் கூடாது. புற்று திரும்புகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். இந்த ஆபத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

பயிர் செழித்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. களையையும் எண்ண வேண்டும்.