இரண்டரைக் கோடி விற்றால் தோல்வியா?

குழந்தைகளே! கையில் வைத்துக்கொண்டு ஆடும் வீடியோ கேம் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அதற்கு மவுசு அதிகம். நிண்டெண்டோ நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட 'டி.எஸ்.' என்ற கருவி, அந்த நாட்டில் மட்டும் சுமார் 3 கோடியே 30 லட்சம் விற்றது. ஜப்பானின் மக்கள்தொகை அப்போது சுமார் 12 கோடியே 80 லட்சம். அதாவது ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒன்று! மூளைக்குப் பயிற்சி தரும் கணக்கு விளையாட்டுகள் அதில் இருந்ததால், தாத்தா பாட்டிகள்கூட வாங்கினார்கள்.

அடுத்து 2011 பிப்ரவரி 26 அன்று '3டி.எஸ்.' வந்தது. விலை 25,000 யென். விற்பனை சுணங்கியது. உடனே, "கையடக்கக் கருவிகளின் காலம் முடிந்தது, இனி செல்போன்தான்" என்று பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கருவி வந்த இரண்டே வாரத்தில், மார்ச் 11 அன்று, பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானைத் தாக்கின. அந்த நேரத்தில் விளையாட்டுக் கருவி வாங்கும் மனநிலை யாருக்கு இருக்கும்?

நிறுவனம் ஆகஸ்டில் விலையை 15,000 யென்னாகக் குறைத்தது. முன்பே அதிக விலை கொடுத்தவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகத் தந்தது. நிறுவனத் தலைவர் சதோரு இவாதா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். (எத்தனை முதலாளிகள் இப்படிச் செய்வார்கள்?) பிறகு விற்பனை நிமிர்ந்தது. முடிவில் ஜப்பானில் சுமார் இரண்டரைக் கோடி விற்றது.

ஆனாலும், "டி.எஸ். அளவுக்கு விற்கவில்லையே, ஆகவே தோல்விதான்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. அண்ணன் 98 மார்க் வாங்கினான் என்பதற்காக, 90 வாங்கிய தம்பியை மக்கு என்று சொல்லலாமா? ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கில் விற்ற பொருள் எப்படித் தோல்வியாகும்?

இன்னொரு தவறும் நடக்கிறது. அது எங்கள் மண்டபத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து முதல் முறை கடலுக்குப் போகும் விசைப்படகுகள் இறாலை அள்ளிக்கொண்டு வருவதுண்டு. அந்த ஒரு நாள் மீன்பாட்டை வைத்து, ஆண்டு முழுவதும் இப்படித்தான் கிடைக்கும் என்று நினைத்து யாராவது கடன் வாங்கினால் என்ன ஆகும்?

சோனி நிறுவனத்தின் 'வீட்டா' கருவிக்கு நடந்தது இதுதான். 2011 டிசம்பரில் வந்தது. ஜப்பானில் முதல் இரண்டு நாளில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகா, ஓகோ என்றார்கள். அடுத்த வாரம் முழுவதும் சேர்த்தே அதில் கால் பங்குகூட விற்கவில்லை! காத்திருந்த ரசிகர்கள் எல்லாரும் முதல் நாளே வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பருவமும் முக்கியம். நம் ஊரில் பொங்கலுக்குப் பெரியவர்கள் காசு தருவதுபோல, ஜப்பானில் புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துத் தருவார்கள். அதனால் டிசம்பர், ஜனவரியில் கடைகளில் கூட்டம். பிப்ரவரி விற்பனையை டிசம்பரோடு ஒப்பிட்டு, "விழுந்துவிட்டது" என்று அலறக் கூடாது. போன ஆண்டு பிப்ரவரியோடு ஒப்பிட வேண்டும்.

அந்த எண்களும் ஒவ்வொன்றாக எண்ணியவை அல்ல. 'ஃபமிட்சு' என்ற இதழ், சில கடைகளின் விற்பனையை வைத்து நாடு முழுவதற்கும் மதிப்பிட்டு வாராவாரம் வெளியிடுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இப்படித்தான் செய்கிறது. சில இறங்குதளங்களில் சில நாட்கள் மட்டும் கணக்கெடுத்து, மொத்த மீன்பாட்டை மதிப்பிடுகிறது. ஆகவே சில நூறு கூடினாலும் குறைந்தாலும் அதை வைத்துச் சண்டை போடுவது வீண்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 2017இல் வந்த நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச்' கருவியைக் கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம். முன்பு டிவிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு கருவி வாங்கிய வீடுகளில் இப்போது ஒன்றே போதும். அப்படியானால் ஸ்விட்ச் விற்பனையை டி.எஸ். ஒன்றோடு மட்டும் ஒப்பிடுவது சரியா? அப்பா அம்மாவோடு பேசி, உங்கள் பதிலை நோட்டில் எழுதிப் பாருங்கள்.