இனாமும் தூண்டிலும்

எங்கள் கடத்தூர் வெற்றிலைக்குப் பெயர்போன ஊர். சந்தைக்கு வருகிறவர் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து இரண்டு வெற்றிலையை உருவிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். பார்ப்பதற்குக் காசு கிடையாது. பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். "பார்த்துவிட்டீர் அல்லவா? இனி மாதந்தோறும் ஒரு கட்டு உமது வீட்டுக்கு வரும், அதற்குரிய பணத்தை உமது பெட்டியிலிருந்து நானே எடுத்துக்கொள்வேன்" என்று எந்த வியாபாரியாவது சொன்னால் சந்தை முழுவதும் கைகொட்டிச் சிரிக்கும்.

இதே காரியம் கைபேசியில் நடக்கும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே காரணம்.

என் அடுத்த வீட்டுக்காரர் வெற்றிலை வியாபாரி. கணக்கில் புலி. மூன்று மாதங்களுக்கு முன், மகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். "உங்கள் சிபில் சரியாக இல்லை, என்னவென்று பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினார். முதலில் வந்து நின்றது ஒரு விளம்பரம்: "உங்கள் கடன் அறிக்கை முற்றிலும் இலவசம்!" உள்ளே போனால் முப்பது நாள் இனாம்; அடையாளம் சரிபார்க்க ஒரே ஒரு ரூபாய்; அதற்கு வங்கி அட்டையின் எண். எல்லாம் கொடுத்தார். திரையில் ஓர் எண் தோன்றியது. எண் குறைவு என்று தெரிந்ததே ஒழிய, ஏன் குறைவு என்பது தெரியவில்லை. அதை அறிய மேலும் பணம் கட்டவேண்டுமாம். அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

சென்ற வாரம் வங்கிப் புத்தகத்துடன் என்னிடம் ஓடி வந்தார்.

"வாத்தியாரய்யா! நான் ஒன்றுமே வாங்கவில்லை. மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறதே?"

"வாங்கினீர்கள், அண்ணா. அன்றைக்கு ஒரு ரூபாய் கொடுத்து ஓ.டி.பி. எண்ணைப் போட்டீர்களே, அதுதான் நீங்கள் இட்ட கையெழுத்து" என்றேன்.

நேயர்கள் அவரைப் பார்த்து நகைக்க வேண்டாம். படித்தவர்களும் இந்தக் குழியில் விழுகிறார்கள். ஆகையால் விஷயத்தைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஒருவருடைய நாணயம் ஊராருக்குத் தெரியும். கடைக்காரரின் பேரேட்டைப் புரட்டினால் போதும். இப்போது அந்தப் பேரேட்டை எழுதுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நம் நாட்டில் முதலாவதாக 2000-ஆம் ஆண்டில் சிபில் தோன்றியது. 2005-ஆம் ஆண்டில் இவற்றுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்றவை நான்கு. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாவற்றையும் வங்கிகள் இவற்றுக்குத் தெரிவிக்கின்றன. அந்தக் கணக்கைச் சுருக்கி 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். எழுதுகிறவர் யாரானாலும், எழுதப்பட்டிருப்பது நமது கணக்கு. அதைப் பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு.

அந்த உரிமைக்கு விலையும் இல்லை. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி 2017 ஜனவரி முதல், கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை இந்த நான்கு கம்பெனிகளும் இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் ஒரே நாளில் கேட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் வருஷம் முழுவதும் காவல் போட்டது போலாகும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்பது வீண் பயம்.

உரிமையாகக் கிடைப்பதை இனாம் என்று சொல்லி விற்கும் தந்திரம் அமெரிக்காவிலேயே பழையது. அங்கே இலவச அறிக்கைக்கு 2003-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. உடனே, "இலவசக் கடன் அறிக்கை" என்ற பெயரையே தாங்கிய ஓர் இணையதளம் பெரிய அளவில் விளம்பரம் செய்தது. அது எக்ஸ்பீரியனைச் சேர்ந்த கம்பெனியுடையது. முப்பது நாளுக்குள் ரத்து செய்யாதவர்களிடம் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 டாலர் வசூலானது. 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கம்பெனி ஒன்பதரை லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2010-ஆம் ஆண்டில், இலவச அறிக்கை என்று விளம்பரம் செய்பவர், சட்டப்படியான இலவச அறிக்கை எங்கே கிடைக்கும் என்பதையும் பளிச்சென்று காட்டவேண்டும் என விதி செய்தார்கள். மேற்படி தளத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? அறிக்கைக்கு ஒரு டாலர் விலை வைத்து, அதைத் தர்மத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். விலை வைத்துவிட்டால் அது இலவசம் அல்லவே! சட்டத்துக்கும் தப்பிப் புண்ணியமும் தேடிக்கொள்ளும் வித்தை இது. 2017-ஆம் ஆண்டில் டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் ஆகிய இரண்டும் இத்தகைய குற்றச்சாட்டுகளுக்காக 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது.

நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பர் 30-இல், இணைய வியாபாரத்தில் செய்யக்கூடாத பதின்மூன்று தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டது. சந்தா வலை அதில் ஒன்று. இலவசச் சந்தா தருவதற்காகப் பணம் செலுத்தும் விவரங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்பதும், ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் அதில் அடங்கும். ஆனால் சட்டம் ஒன்று, ஜாக்கிரதை வேறொன்று. வயலுக்கு வேலி இருந்தாலும் காவலுக்கு ஆள் வேண்டும் அல்லவா?

ஆகவே சில யோசனைகள். விளம்பரத்தைத் தொடாமல், மேற்சொன்ன நான்கு கம்பெனிகளின் சொந்த இணையதளத்துக்கு நேரே செல்லுங்கள். ஆண்டு இலவச அறிக்கைக்கான இணைப்பு அங்கே நன்றாகத் தெரியும்படி இருக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. அங்கேயும் கட்டணத் திட்டங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். அவசரப்பட்டு அதில் விரலை வைத்துவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இவை கேட்பது நியாயம். வங்கி அட்டை எண்ணோ யு.பி.ஐ. அனுமதியோ கேட்டால் அது இலவச வாசல் அன்று. திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்பது தவறு. வங்கியில் பதிவான தொடர் பற்று அனுமதியையே ரத்து செய்யவேண்டும், யு.பி.ஐ. மூலம் கொடுத்திருந்தால் அதன் ஆட்டோபே பகுதியில் நிறுத்தவேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி. என் நண்பருக்கும் குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம்.

இனி நண்பரின் கதைக்கு வருகிறேன். சந்தாவை நிறுத்திய அன்று மாலையே, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உண்மையான இலவச அறிக்கையை வரவழைத்தோம். பக்கம் பக்கமாகப் பார்த்தால், இரண்டு வருஷத்துக்கு முன் வட்டியும் முதலுமாய்க் கட்டி மீட்ட நகைக்கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறது! ரசீது அவர் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கம்பெனியின் தளத்திலேயே, காசு இல்லாமல், பிழையைக் குறித்து முறையிட்டோம். வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்தோம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே.

போன இருநூறுகளைப் பற்றி அவருக்கு இப்போது அவ்வளவு விசாரம் இல்லை. "மூன்று மாதம் போய்விட்டதே, வாத்தியாரய்யா! அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் பெண்ணின் முதல் தவணைக்குக் கைமாற்று வாங்கியிருக்க மாட்டேனே!" என்றார். அவரை உண்மையில் வருத்துவது அதுதான். தூண்டில் இருநூறு ரூபாயைப் பிடித்தது. அதைவிட, பார்க்கவேண்டிய பக்கத்தை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

வெற்றிலைக் கட்டில் மேல் இலையை மட்டும் காட்டுகிறவனிடம் நாம் வாங்குவதில்லை. நம்முடைய சொந்தக் கணக்கிலும் அந்தச் சந்தைப் புத்தியைக் கைவிடாமல் இருந்தால் போதும்.