லேப்டாப்பைப் பூட்டி வெச்சிட்டு போனைக் கொடுக்குறீங்களே!

1/ விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து வர்ற பெற்றோர் பலர் சொல்றது: "கவர்மென்ட் லேப்டாப்பை பீரோவுல வெச்சுட்டோம் டாக்டர், கண்ணு கெட்டுடும்ல." பிள்ளை அதே பாடப்புத்தகத்தோட பிடிஎஃப்-ஐ போன்ல தள்ளித் தள்ளிப் படிக்குது!

2/ போனை முகத்துக்கு ஒரு அடியில பிடிக்கிறோம். மேசையில இருக்கற சின்ன லேப்டாப் ஒன்றரை, ரெண்டு அடி தள்ளி இருக்கும். கிட்டப் பார்க்கப் பார்க்கத்தான் கண் தசைக்கு வேலை அதிகம். இப்ப சொல்லுங்க, எது பாரம்?

3/ திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது குறையுது. எரிச்சலும் வறட்சியும் அதனாலதான். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கறதை 20 நொடி பாருங்க. எழுத்தைப் பெருசாக்குங்க.

4/ நீல ஒளிக் கண்ணாடி? காசு தண்டம். 2023 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சாதாரணக் கண்ணாடியை விட அது கண் அசதியைக் குறைக்கறதா தெரியலன்னுதான் சொல்லுது.

5/ "கிட்டப்பார்வை வருமே?" அச்சுப் புத்தகத்தை மூக்குக்கிட்ட வெச்சு மணிக்கணக்கா படிச்சாலும் அதே ஆபத்துதான். தினம் வெயில் வெளிச்சத்துல விளையாட விடுங்க. டியூஷன்னு அதையும் பிடுங்கிடறோம்.

6/ இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் மின்னூலகம் இருக்கு. புத்தகம் வாங்க முடியாத வீட்டுக்கு அந்தப் பெட்டி ஒரு நூலகம். அதைப் பூட்டினா கெடுறது கண்ணு இல்ல, படிப்பு.

7/ பார்வை மங்கினா கண் டாக்டரைப் பாருங்க. இன்னைக்கே பீரோவைத் திறங்க.