ஸ்டெதாஸ்கோப்போடு ஸ்டாக் புத்தகமும்!

எம்.பி.பி.எஸ். படிப்பு ஐந்தரை வருஷம். அதன்மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று வருஷம். இவ்வளவும் முடித்து வெளியே வரும் இளம் நிபுணருக்கு இருதயத்தின் நான்கு அறைகளும் அத்துபடி. ஆனால் தம் வார்டுக்கு மருந்து எந்த வழியாக வருகிறது, இருப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்திட வேண்டும், வென்டிலேட்டர் பழுதானால் யாருக்கு எழுத வேண்டும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், ஸார்!" என்பார்.

ஆபீஸ் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக்சிஜன் சப்ளை செய்த கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று, சப்ளை தடைப்பட்டது. அந்த நாட்களில் அங்கே குழந்தைகள் பலர் இறந்தார்கள். ஆக்சிஜன் இல்லாததால்தான் இறந்தார்கள் என்பதை மாநில அரசு மறுத்தது. அந்த வாதம் எப்படியும் போகட்டும். உயிர்காக்கும் வாயு நிற்கும் அளவுக்கு ஒரு பாக்கி வளர்ந்தது என்பது மட்டும் நிச்சயம். அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் மருந்து இல்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் வருஷ விதிகளின்படி, மேற்படிப்பு மாணவர் ஆராய்ச்சி முறை, மருத்துவ நெறிமுறை, இருதய உயிர்காப்புப் பயிற்சி ஆகிய மூன்றையும் கட்டாயம் முடிக்க வேண்டும். மூன்றும் அவசியமானவையே. நிர்வாகம்தான் அந்த வரிசையில் இடம் பெறவில்லை! நாளைக்கு யூனிட் தலைவராகவும், துறைத் தலைவராகவும், பிறகு டீனாகவும் உட்காரப் போகிறவர் இவர்தானே? கத்தி பிடிக்க வருஷக் கணக்கில் பயிற்சி. ஆஸ்பத்திரியையே பிடித்து நடத்தப் பயிற்சி இல்லை.

"டாக்டர் நோயாளியைப் பார்க்கட்டும், நிர்வாகத்தை அதற்கென்று படித்தவர் பார்க்கட்டும்" என்பார் சிலர். நியாயம்போலத்தான் தோன்றுகிறது. ஆனால் இன்றைக்கு எந்த ஆபரேஷனைத் தள்ளிவைப்பது, இருக்கும் ஒரு படுக்கையை எந்த நோயாளிக்குக் கொடுப்பது என்பவை வைத்தியமா, நிர்வாகமா? பிரிட்டனில் 1983-ல் ராய் கிரிஃபித்ஸ் என்பவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அவர் டாக்டர் அல்ல. சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றை நடத்தியவர். ஆஸ்பத்திரிகளுக்குத் தனி நிர்வாகிகளை நியமிக்கச் சொன்ன அவரே, டாக்டர்களும் நிர்வாகத்தில் நெருங்கிப் பங்குகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையைப் பார்ப்போம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார வேண்டியதுதான். கண்ணறுவை தெரிந்தவரின் மனத்தில் கணக்கும் ஓடியதால் வந்த ஏற்பாடு இது. 1992-ல் பிற கண் ஆஸ்பத்திரிகளுக்கும் நிர்வாகம் கற்றுத்தர ‘லைக்கோ’ என்ற நிறுவனத்தையே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் யோசனை பெரிய செலவு வைப்பதல்ல. மேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட சுகாதார அமைப்பை அவர் அறிய வேண்டும் என்பதும் அதன் நோக்கம். ஓ.பி. கூட்டத்தைச் சமாளிக்க வந்த இன்னொரு கையாக மட்டும் அவரை வைத்துக்கொண்டால் அது நிறைவேறுமா? அந்த மூன்று மாதத்தில் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் மருந்துக் கிடங்கில் மருந்தாளுநர் பக்கத்தில் உட்காரட்டும். மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ் புத்தகத்தில் பணம் எப்படி வருகிறது, எப்படிக் கழிகிறது என்று பார்க்கட்டும். மறுவாரம் நிலைய மருத்துவ அலுவலரோடு சுற்றட்டும். டியூட்டி பட்டியலை ஒரு தடவை அவரே போட்டுப் பார்த்தால் போதும், யார் யாருக்கு என்ன சங்கடம் என்பது விளங்கிவிடும்!

தயவுசெய்து இதை இன்னொரு சான்றிதழ் வகுப்பாக்கிவிடாதீர்கள். இரவும் பகலும் டியூட்டி பார்த்துக் கண் சிவந்து நிற்கும் பிள்ளைகள் அவர்கள். இந்த இரண்டு வாரமும் இருக்கும் வேலைக்குப் பதிலாக வர வேண்டுமே தவிர, அதன் தலைமேல் ஏறக் கூடாது. கடைசி வருஷ வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: "உங்கள் வார்டில் நேற்று ராத்திரி எத்தனை நர்சுகள் இருந்தார்கள்? எந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது?"